கோட்டையைக் கட்டிய குடும்பம்: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களின் தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் பிள்ளைகளோடு வேலூர்க் கோட்டைக்கு வந்து இறங்கும் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

அகழி ஓரமாக நடந்து, கோயிலுக்குள் போய், மியூசியத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புல்தரையில் சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "இதை யாருப்பா கட்டினது?" பெரும்பாலும் வருகிற பதில் திப்பு சுல்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் இங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று விடியும் முன் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதும் இங்கேதான். அந்தக் கலகத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் ஒன்று, புதுத் தலைப்பாகையில் தோலால் செய்து செருகச் சொன்ன குஞ்சம். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதை மறக்காமல் இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

ஆனால் அந்தக் குஞ்சம் வந்தபோதே கோட்டைக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. இந்த மடல் அதற்கு முந்தைய ஒரு வீட்டைப் பற்றியது. வீரப்ப நாயக்கர், அவர் மகன் சின்ன பொம்மு நாயக்கர், அவர் மகன் லிங்கம நாயக்கர் என்று மூன்று தலைமுறை. கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் கட்டியவராகச் சொல்லப்படுபவர் நடுவில் நிற்கும் சின்ன பொம்மு. பேச்சு வழக்கில் பொம்மி என்பார்கள், பொம்ம நாயக்கர் என்றும் எழுதுவார்கள். எல்லாம் ஒரே ஆள்தான்.

இவர்கள் மன்னர்கள் அல்ல. சினிமாவில் வருகிற மாதிரி கிரீடமும் சிம்மாசனமுமாக நினைத்துக்கொண்டால் கணக்குத் தப்பிவிடும். மேலே விஜயநகரப் பேரரசர், கீழே நாயக்கர். சீமை பேரரசருடையது, அதை ஆள்வது நாயக்கர். வரி வசூலித்து மேலே ஒரு பங்கு அனுப்ப வேண்டும், கூப்பிட்டால் படையோடு போய் நிற்க வேண்டும். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஒரு பிராண்ட், இங்கே அதற்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் யூனிட். பெட்டியில் ஏறுவது பிராண்டின் பெயர், ஷூவைத் தைத்தது நீங்கள். வேலூர் நாயக்கரின் நிலையும் அதுதான். அவர் கேட்டு வாங்கிய மானியத்தில்கூட, கொடுத்தவர் என்று பேரரசரின் பெயர்தான் முதலில் வரும்.

அந்த மானியங்கள் எங்கே என்று தேடி டெல்லிக்கோ ஹம்பிக்கோ போக வேண்டியதில்லை. அரப்பாக்கம், அரியூர், அரும்பருத்தி, சதுப்பேரி ஆகிய ஊர்ப் பெயர்களை நீங்கள் பஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். வேலூரைச் சுற்றியிருக்கும் இந்த ஊர்களில் நின்ற கற்களை ஹுல்ட்ஸ் என்கிற ஜெர்மானிய அறிஞர் படியெடுத்து, 1890-ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றினார். சக ஆண்டு 1488, அதாவது 1566-ல், பேரரசர் சதாசிவ ராயர் வேலூர் ஜ்வரகண்டேஸ்வரருக்கு ஊர்களைக் கொடுத்தார் என்பது செய்தி. கோட்டைக்குள் இன்று ஜலகண்டேஸ்வரராக இருப்பவர் அன்று ஜ்வரகண்டேஸ்வரர். கேட்டு வாங்கியவர் என்ற இடத்தில் வேலூர் சின்ன பொம்மு நாயக்கரின் பெயர் இருக்கிறது.

ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். விஜயநகரத்தின் உண்மையான எஜமானராக இருந்த ராமராயரின் தலை போர்க்களத்திலேயே வெட்டப்பட்டது. அவர் தம்பி திருமலை, சதாசிவரைக் கூட்டிக்கொண்டு பெனுகொண்டாவுக்கு ஓடினார். தலைநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. மறு வருஷமே வேலூர்க்காரர் போய் அந்தத் திருமலையைப் பிடித்து, அவர் வழியாகப் பெயரளவுக்குப் பேரரசராக இருந்த சதாசிவரிடமிருந்து கோயிலுக்கு ஊர்களை எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார். கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கும்போது பாக்கியை வசூல் பண்ணுகிற சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நொடித்துப்போன எஜமானனுக்கு ஒரு விசுவாசியான கீழாள் தேவைப்பட்டான். அந்தத் தேவையின் விலையைச் சின்ன பொம்மு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். பணமும் படையும் அவரிடம் இருந்தன, முத்திரை மட்டும் அவர்களிடம் இருந்தது.

கோயிலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் வருகிற கல்யாண மண்டபத்தில் இந்தப் பணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன்வரிசைத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் வீரர்கள், காலடியில் மிதிபடுகிறவர்கள். எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தோல் வேலை தெரிந்த கண்ணுக்கு இன்னொன்றும் படும். குதிரையின் கடிவாளமும் சேணத்தின் பட்டையும் உடம்போடு ஒட்டி, வளைகிற இடத்தில் வளைந்து, இழுபடுகிற இடத்தில் இறுகி நிற்பதைப் பாருங்கள். கருங்கல்லில் தோலின் விறைப்பைக் கொண்டுவந்திருக்கிறான் சிற்பி. நிமிர்ந்தால் மேல்விதானத்தில் ஒரு பெரிய பூ, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்க நல்ல இடம்.

சரி, இந்த வீட்டார் எங்கிருந்து வந்தார்கள்? செவிவழிக் கதை ஒன்று உண்டு. பொம்மி ரெட்டி, திம்ம ரெட்டி என்று இரண்டு சகோதரர்கள் வடக்கே பத்ராசலத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் மந்தையில் ஐந்து காம்புள்ள ஒரு பசு, தினமும் காணாமல் போய்ப் புற்றிலிருக்கும் ஐந்து தலை நாகத்துக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறது. கனவில் சிவன் வருகிறார், புதையல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார், அந்த இடத்தில் கோயிலும் கோட்டையும் எழும்புகின்றன. கதை அருமையாக இருக்கிறது. ஆனால் இதெல்லாம் 13-ஆம் நூற்றாண்டில் நடந்ததாக அது சொல்கிறது. கல்லில் இருக்கும் சின்ன பொம்முவோ 16-ஆம் நூற்றாண்டுக்காரர். கதையில் ரெட்டி, கல்வெட்டில் நாயக்கர் என்பதை வைத்து எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று இன்றைக்கு மல்லுக்கு நிற்பவர்களும் இருக்கலாம். கல்லும் கதையும் மோதினால் கல்லின் பக்கம் நிற்பதுதான் நல்லது.

இங்கே ஒரு தூரதேசத்துக் குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இன்றைய சீனாவின் வடகிழக்கு மூலையில் ஜூர்ச்சென் என்ற இனத்தார் இருந்தார்கள். காட்டில் ஜின்செங் வேர் தோண்டுவார்கள், வேட்டையாடிய விலங்குகளின் ரோமத்தோலைப் பதப்படுத்திச் சீன எல்லைச் சந்தையில் விற்பார்கள். ஆக, அவர்களும் ஒரு வகையில் தோல் வியாபாரிகள். மேலே மிங் பேரரசு, கீழே குலத்தலைவர்கள். பட்டமும் சந்தை உரிமையும் மிங் அரசு கொடுக்கும், எல்லையில் அமைதியைத் தலைவர்கள் கொடுக்க வேண்டும். அதிலே ஒரு குடும்பத்தில் தாத்தா ஜியோசங்கா, மகன் தக்ஷி, பேரன் நூர்ஹாசி. அங்கேயும் மூன்று தலைமுறை.

1583-ல் மிங் படை ஒரு பகைக் கோட்டையைத் தாக்கியபோது ஜியோசங்காவும் தக்ஷியும் உள்ளே அகப்பட்டுச் செத்துப்போனார்கள். பேரன் கையில் மிஞ்சியது பதின்மூன்று கவசங்கள் என்பது அந்தக் குலத்தின் பிரசித்தமான கணக்கு. அதை வைத்துப் படை திரட்டிய நூர்ஹாசி, மேலே இருந்த மிங் அரசுக்கு மரியாதை காட்டிக்கொண்டே, பெய்ஜிங்குக்குத் திறை சுமந்துகொண்டே, அக்கம்பக்கத்துக் குலங்களை ஒவ்வொன்றாக விழுங்கினார். 1616-ல் தானே கான் என்று அறிவித்துக்கொண்டார். அவர் வாரிசுகள் 1644-ல் பெய்ஜிங்கில் நுழைந்து, சிங் என்ற பெயரில் 1912 வரை சீனாவை ஆண்டார்கள்.

ஆட்சி கைக்கு வந்ததும் வம்சமும் வளர்ந்தது. வானத்துப் பெண் ஒருத்தி ஏரியில் குளித்துக்கொண்டிருந்தாள், ஒரு பறவை சிவப்புப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டது, அதை விழுங்கிக் கருவுற்றாள், பிறந்தவனே எங்கள் மூதாதை என்று எழுதி வைத்தார்கள். எல்லைக் கோட்டையில் அநாதையாகச் செத்த தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பேரரசர் பட்டம் கொடுத்துக் கும்பிட்டார்கள். ஐந்து காம்புப் பசுவும் சிவப்புப் பழமும் ஒரே ஜாதிச் சரக்குதான். ஒன்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது, மற்றது திண்ணையில் நின்றுவிட்டது.

நூர்ஹாசி கவசங்களை எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில் சின்ன பொம்மு வேறு வகையில் பேர் சம்பாதித்துக்கொண்டிருந்தார். ஆரணிப் பக்கம் அடையபாலம் என்று ஓர் ஊர். அங்குள்ள காளகண்டேஸ்வரர் கோயில் கல்வெட்டின் ஆண்டு சக 1504, அதாவது 1582. அந்தக் கோயிலைக் கட்டியவர் அவ்வூர்க்காரரான அப்பய்ய தீட்சிதர். நூறு நூல்கள் எழுதியவர் என்று அந்தக் கல்வெட்டே அவரைச் சொல்கிறது. சைவ வேதாந்தத்தில் அவர் எழுதிய சிவார்க்கமணிதீபிகை என்ற உரையை வேலூரில் ஐந்நூறு பேருக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தவர் சின்ன பொம்மு. தீட்சிதருக்கு அவர் செய்த கனகாபிஷேகமும் அதில் பதிவாகியிருக்கிறது. உட்காரவைத்துத் தலைவழியாகப் பொன்னைக் கொட்டுவது என்றால் சும்மாவா? அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும் அரச குடும்பம் வைணவத்தின் பக்கம் சாய்ந்திருந்தபோது, வேலூரில் ஒரு கீழ்ப்பட்ட தலைவர் சைவத்துக்கு இப்படிச் செலவழிக்கிறார். பக்தி இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. நான் உனக்குச் சமானம் என்று பேரரசருக்குக் காட்டும் உத்தேசமும் கூடவே இருந்திருக்க வேண்டும்.

அந்த உத்தேசத்தை வெளிப்படையாகக் காட்டியவர் மகன் லிங்கம நாயக்கர். இவர் காலத்துப் பேரரசர் வேங்கடபதி ராயர். பேரரசு சுருங்கிப்போய்ச் சந்திரகிரியிலிருந்து ஆட்சி நடக்கிறது. வேலூர் அங்கிருந்து எட்டிவிடுகிற தூரம். ராணிப்பேட்டை மாவட்டத்து விளாப்பாக்கம் பெயரில் ஒரு செப்பேடு இருக்கிறது, ஆண்டு சக 1523, அதாவது 1601. வேங்கடபதி கொடுத்த அந்தத் தானம், வீரப்ப நாயக்கரின் பேரனும் வேலூர் பொம்ம நிருபதியின் மகனுமான லிங்க பூபாலன் கேட்டுக்கொண்டபடி கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. மூன்று தலைமுறையையும் ஒரே வரிசையில் நிறுத்தும் சாசனம் இது. நிருபதி, பூபாலன் என்ற சொற்களைப் பாருங்கள். இரண்டுக்கும் அரசன் என்றே பொருள்.

செப்பேட்டில் இந்த மரியாதை. களத்தில் நடந்தது வேறு. அதே 1601-ல் உத்தரமேரூரில் ஒரு சண்டை. வேங்கடபதியின் தளபதி வெலுகோட்டி யாசம நாயடுவுக்குப் பேரரசர் அந்தச் சீமையைக் கொடுத்ததை லிங்கம நாயக்கர் தரப்பு ஏற்கவில்லை. லிங்கமரின் பக்கம் நின்று போரிட்ட தாவல பாப நாயடு கொல்லப்பட்டார். அடுத்த இலக்கு வேலூர். 1604 வாக்கில் கோட்டை விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் வேங்கடபதி தன் தலைநகரையே இங்கே மாற்றிக்கொண்டார். பெரியவர்கள் இன்னும் ராயவேலூர் என்று சொல்வார்களே, அந்த ராயர் வந்த கதை இதுதான். அப்பன் கட்டிய வீடு நன்றாக இருந்ததால் மகன் அதை இழந்தான் என்றுகூடச் சொல்லலாம். அகழியும் கருங்கல் மதிலும் அத்தனை உறுதியாக இல்லாமலிருந்தால், தானே குடியேற வேண்டும் என்ற ஆசை பேரரசருக்கு வந்திருக்குமா?

நூர்ஹாசிக்கும் லிங்கமருக்கும் வித்தியாசம் எங்கே என்றால், திறமையைவிட தூரத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பெய்ஜிங் அரசவைக்கு அந்தக் காட்டு எல்லை ஒரு தொலைதூரத் தொல்லை. பட்டம் கொடுத்துச் சமாளித்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். லிங்கமரின் மேலாளோ பக்கத்துத் தெருவில் இருந்தார், இருக்க நல்ல வீடும் இல்லாமல் இருந்தார்.

கைமாறிய வீட்டில் நிம்மதி இல்லை. 1614-ல் வேங்கடபதி இறந்தார். அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அவர் வாரிசாக்கியிருந்தார். ஜக்கராயன் என்ற பெருந்தலை, தன் சகோதரியான ராணியின் பிள்ளை என்று சொல்லப்பட்ட சிறுவனுக்குப் பட்டம் கட்டப் பார்த்து, ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் இதே கோட்டைக்குள் அடைத்துப் பின்னர் கொன்றான். லிங்கமரை விரட்டிய அதே யாசம நாயடுதான் இப்போது ஸ்ரீரங்கன் பக்கம் நின்றவர். கொலைக்கு முன்பே, ராமதேவன் என்ற இளவரசனை ஒரு சலவைத் தொழிலாளி அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துக் காவலைத் தாண்டி வெளியே கொண்டுவந்து சேர்த்தார் என்று அக்காலத்துப் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பர்ராதாஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தொழிலாளியின் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை. திருச்சிப் பக்கம் தோப்பூரில் 1616-ல் மூண்ட பெரும் போரில் ஜக்கராயன் செத்தான், மூட்டையில் வந்த பையன் பேரரசனானான். நூர்ஹாசி கான் ஆன அதே வருஷம்!

பிறகு பீஜாப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், முகலாயர்கள், ஆற்காட்டு நவாப்பின் ஆட்கள், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் என்று கோட்டை கை மாறிக்கொண்டே போனது. உங்கள் ஆம்பூருக்கும் அந்த வரிசையில் ஒரு நாள் உண்டு: 1749 ஆகஸ்ட் 3, நவாப் அன்வருதீன் கான் ஆம்பூர்க் களத்தில் விழுந்தார். அவர் வம்சத்தின் இன்றைய பிள்ளை சென்னையில் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டத்தோடு இருக்கிறார். யாசம நாயடுவின் வெலுகோட்டி குடும்பம் வெங்கடகிரி ராஜாக்களாகத் தழைத்தது. அவர்கள் வம்சாவளியைப் புலவர்கள் தெலுங்கில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வைத்தார்கள், பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகமே அதைப் பதிப்பித்தது. உத்தரமேரூர்ச் சண்டை வென்றவரின் பெருமையாக அதில் நிற்கிறது. தோற்ற வீட்டாரின் வம்சாவளி என்று பார்த்தால், விளாப்பாக்கத்துச் செப்பேட்டின் ஒரு சில வரிகள், ஊருக்கு ஊர் நட்ட மானியக் கற்கள், அடையபாலத்துக் கோயில் சுவர், இவ்வளவுதான்.

சின்ன பொம்முவின் கோயிலுக்கும் நெடுங்காலம் சாமி இல்லை. படைகள் புழங்கிய இடத்தில் பூசை நின்றது. ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். தொல்லியல் துறையின் கையில் வந்த பிறகும் வெறும் கல்லாகவே நின்ற கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் பாதுகாத்து வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று கொண்டுவந்து வைத்தார்கள். இன்று நீங்கள் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் வரிசைக்கு வயது அவ்வளவுதான். உங்களில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பிறந்தபோது உள்ளே சாமி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், திப்புவின் பெயரை மறைக்க வேண்டாம். அவர் பிள்ளைகள் இருந்த இடம் இது என்று சொல்லிவிட்டு, வீரப்பர், சின்ன பொம்மு, லிங்கமர் என்ற மூன்று பெயர்களையும் வரிசையாகச் சொல்லுங்கள். மூட்டையில் தப்பித்த பையன் கதையைக் கடைசிக்கு வையுங்கள், அதுவரை அடம்பிடிக்காமல் கேட்பார்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஆரணிப் பக்கம் பஸ் ஏறி அடையபாலத்தையும் பார்த்துவிட்டு வரலாம். கோயில் சிறியதுதான். போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கே வீடு திரும்பிவிடலாம்.